காலடிப்பேட்டையில் நின்றுபோன மீன் வேன்

கிளம்பும், கொஞ்ச தூரம் ஓடும், பொசுக்கென்று நின்றுவிடும். காலையிலிருந்து வேன் இந்தக் கூத்துதான் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததும் ராணுவத்தார் கழித்துக்கட்டிய வண்டி. ராயபுரத்து மீன் வியாபாரி செல்லம்மா ஊரே சிரிக்கச் சிரிக்க அதை ஏலத்தில் எடுத்தாள். எத்திராஜை டிரைவராக வைத்த அன்றே, "வண்டி ஓடினா நீ கீற, நின்னா நீ இல்ல" என்றும் சொல்லிவிட்டாள்.

சொன்னால் செய்துவிடுவாள், மகராசி. வலைக்காரர்களே அவள் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போகும்போது எத்திராஜ் எந்த மூலைக்கு?

இன்றைக்கென்று பார்த்துப் பின்னால் கூடை கூடையாய் வஞ்சிரம். திருவொற்றியூரில் செல்லம்மா மகளின் மாமியார் வீட்டு விருந்துக்கு, மத்தியானம் உலை வைப்பதற்குள் போய்ச் சேரவேண்டும். ஐஸ் வேறு உருகி ரோடெல்லாம் சொட்டியது. முன்சீட்டில் செல்லம்மா, மடியில் சந்தனக் கிண்ணத்தோடு.

வண்டி முதலில் மக்கர் செய்தது தண்டையார்பேட்டையில். கண்ணாடிக்கு முன்னால்தான் பெட்ரோல் டாங்கி. எத்திராஜ் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தான். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, வண்டி மூக்கில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினான். வண்டி உறுமியது.

"பிளக்குதான்க்கா பேஜார் பண்ணிகினு இருந்துச்சு!"

"பிளக்குமில்ல, கிளக்குமில்ல. எவளோ கண்ணு வெச்சிட்டா."

செல்லம்மா இறங்கினாள். தினம் கண்ணாடியில் வைக்கிற சந்தனப் பொட்டை, சம்பந்தி வீட்டுப் பயணமாயிற்றே என்று காலையில் அந்த டாங்கி மூடியின்மேல், வண்டிக்கு அதுதான் நெற்றி என்று வைத்திருந்தாள். இப்போது அதன்மேல் இன்னும் ஒரு அப்பு அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள்.

கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. மறுபடி குச்சி. இந்த முறை கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதினான். வண்டி ஓடியது. "கார்புரேட்டர்தான்க்கா!" என்று இளித்தான். செல்லம்மா இன்னொரு அப்பு அப்பினாள்.

காலடிப்பேட்டையில் மூன்றாம் முறை நின்றபோது அவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்குப் பகீரென்றது.

"சம்பந்தி வூட்ல எம் பொண்ணு தலகுனிஞ்சி நிக்கப்போறா. நாளைக்கு நான் நீலமேகத்த வெச்சிக்கறேன். நீ வேற எடம் பாத்துக்க."

நிலக்கரி லாரி ஓட்டும் அந்த நீலமேகமா! எத்திராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்ரோலைப் பார்க்கக்கூட மனமில்லாமல் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். ஊஹும். தோள் கழன்றுவிடும்போல ஆகியும் வண்டி அசையவில்லை.

அப்போதெல்லாம் ஓடிற்றே, இப்போது மட்டும் என்ன கேடு? அப்போது செய்து இப்போது செய்யாதது எது? குச்சி!

மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது டாங்கி. முன்பெல்லாம் செல்லம்மாவின் வசவில் காதில் விழாத சத்தம். மூடியின் நடுவில் காற்றுப் போக ஒரு பொடி ஓட்டை உண்டே! அதன்மேல் காய்ந்து இறுகிப்போய்க் கிடந்தது பொட்டு.

கண்டுபிடித்துவிட்டான். இதை யார் போய் அவளிடம் சொல்வது? மூடியைக் காட்டிச் சொன்னான்.

"அப்ப, நான் வெச்ச பொட்டுதான் வண்டிய நிறுத்திச்சின்றியா?"

"ஆமாக்கா."

"அங்காளம்மன் கோயில் சந்தனம்டா அது!"

"சந்தனத்துமேல குத்தமில்லக்கா. வெச்ச எடம் அப்டி. மேல காத்து போனாத்தான் கீழ பெட்ரோல் எறங்கும்."

துடைக்கப் போனவனின் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பொட்டின் நடுவில் பதமாகக் குத்தித் திருகினாள்.

"இன்னா, இப்ப மூச்சு வுடுமா?"

ஹேண்டிலை ஒரு சுற்றுதான் சுற்றினான். வண்டி பிடித்துக்கொண்டது. தேரடியைத் தாண்டியும் நிற்காமல் ஓடியது. சம்பந்தி வீட்டுப் பந்தல் கண்ணில் பட்டதும் எத்திராஜ் மெல்ல இழுத்தான்.

"அப்ப நாளைக்கு... நீலமேகத்த வரச் சொல்லிடவாக்கா?"

"அவன் கெடக்கறான். அம்மன் பொட்டுமேல குத்தம் சொல்ல, அதுவும் எம் மூஞ்சிக்கு நேரா சொல்ல, அவனுக்குத் தெகிரியம் வருமா? ரோட்டப் பாத்து ஓட்டு நைனா."