மூன்று கால்களுக்குச் சாயம்

...வெள்ளைப் பூச்சு இவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் என்று தெரிந்திருந்தால் இதை பாரிஸின் ஸ்டாலின்கிராட் நடைபாதையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன், ஆனால் தாய்மாமன் என்றால் தொட்டில் போட வேண்டும், அக்கா துஷாந்தி ஐந்தாம் மாதமே சொல்லிவிட்டாள், தொட்டில் உன்ரை பொறுப்படா தனோஜன் என்று, சமூகவியல் படிக்கிறவனுக்கு நடைபாதைதானே தளபாடக் கடை, யாரோ வீசிவிட்டுப் போன இந்த நாலுகால் மரத்தொட்டிலைக் கழற்றிக் கயிறு கட்டி மெத்ரோவில் ஏற்றினேன், ஒரு வயதான அம்மணி எழுந்து இடம் தந்தார், எனக்கா தொட்டிலுக்கா என்று கேட்கவில்லை, இருவரும் உட்கார்ந்தோம். இப்போது சாண்ட்பேப்பர் தேய்கிறது, பூச்சு தேயவில்லை, வெள்ளைத் தூள் மூக்குக்குள் போகிறது, பழைய பூச்சை முழுக்க எடுக்கத்தான் வேண்டும், பிள்ளை மரக்கம்பியைக் கடிக்கும், கடித்தால் வயிற்றுக்குள் போகும்... கடித்தால். முதலில் ஆஸ்பத்திரியில் அவள் வாயிலிருந்து அந்தக் குழாயை எடுக்கட்டும், பிறகு கடிக்கட்டும்.

லைட் அணைந்துவிட்டது. இந்தக் கட்டடத்தின் காவில், அதாவது நிலவறையில், லைட் கொஞ்ச நேரத்தில் தானாக அணையும், சுவரில் செம்மஞ்சள் பொத்தான் மட்டும் மினுங்கும், அமத்தினால் மறுபடி வரும், ஏழைகள் கீழேயே குடியேறிவிடக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். அமத்தினேன். தொட்டில் அதே இடத்தில் நிற்கிறது, எங்கே போகும். இது இங்கே நிற்பதற்குக் காரணம் அம்மாவின் சட்டம், பிள்ளை பிறக்க முதல் தொட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது, நான் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தேன், நிலவறை வீடு அல்ல, இதில் படுக்கையும் இல்லை சமையலும் இல்லை சாமிப்படமும் இல்லை, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், அடுத்த கிழமையே பிள்ளை இரண்டரை மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள், ஒரு கிலோ சீனிப் பக்கற்றை விட நிறை குறைவு, ரூ காய் என்ற தெருவில் தமிழ்க் கடையில் விடுமுறைகளில் சாமான் நிறுக்கிறவன் நான், பார்த்தாலே தெரியும். நகரசபைப் பதிவுக்குக் கொடுத்த பெயரை அம்மா ஒருதரம்கூட வாயால் சொல்லவில்லை, முப்பத்தோராம் நாள் காதில் சொன்னால்தான் பெயராம், அதுவரைக்கும் தாதி ஜிஸ்லேன் மட்டும்தான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அதையும் பிழையாக. நேற்று டொக்டர் சொன்னார், நுரையீரலில் கிருமி, நாளைக்குள் தெரிந்துவிடும் என்று. என்ன தெரிந்துவிடும்? அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை, பிரெஞ்சில் தோளைக் குலுக்கினால் வசனம் முடிந்ததாகக் கணக்கு.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பிறகு ஏன் இதைக் கழற்றி வீதியில் வைக்கவில்லை, வைத்தால் பயந்துவிட்டேன் என்று ஆகும், வைக்காமல் விட்டால்... விட்டால் என்ன, சொல்லு பார்ப்பம், ஒரு பலகை நுரையீரலுக்குள் போய் என்ன செய்யும். ஒன்றும் செய்யாது. ஒன்றும் செய்யாது என்று சொல்லிச் சொல்லித்தான் தேய்க்கிறேன், மேல்கம்பியில் பூச்சு உரிந்து மரம் வந்தது, மரத்தில் சின்னச் சின்னக் குழிகள், வரிசையாக. பூச்சியோ என்று நினைத்தேன். பூச்சி இல்லை, பல். யாரோ ஒரு பிள்ளை எழுந்து நின்று, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடித்திருக்கிறது. அதுக்குப் பல் முளைத்திருக்கிறது. அந்த இடத்தைத் தேய்க்க வேண்டும், சாயம் சீராகப் பிடிக்காது, ஆனால் கை அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறது.

படியில் செருப்புச் சத்தம். கையை எடுத்தேன். அம்மாதான், மேலே குசினியில் அடுப்போடு இருக்கிற அம்மா, இந்த ஒரு கிழமையில் கீழே வராத அம்மா, கையில் தேத்தண்ணிக் கோப்பை. அக்கா டெலிபோன் எடுத்தவவோ என்று கேட்டேன். பிள்ளை அப்பிடியேதான் கிடக்காம் என்றா. பிறகு தொட்டிலைப் பார்த்தா. "இதை எப்ப கொண்டு வந்தனீ?" பிறந்தாப்பிறகு என்றேன். "வாய் கூசாமல் சொல்லு. உன்ரை சேட்டெல்லாம் பிள்ளை பிறக்க முதலே மரத்தூள், லைப்ரரிக்கெண்டு சொல்லிப் போறனீ, அங்கை மரமே அரியிறாங்கள்?" வீட்டுக்குள்ளை கொண்டுவரேல்லைத்தானே அம்மா, இது காவ்... "ஓம், நீ பெரிய அப்புக்காத்து. கடவுளிட்டைப் போய் வாதாடு." அடிப்பா என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பையை என்னிடம் தந்துவிட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவினா, அரிசியில் கல் பார்க்கிற மாதிரி. "இஞ்சை சிராய் கிடக்கு, கையிலை ஏறும்." யாருடைய கையில் என்று இருவரும் சொல்லவில்லை. லைட் அணைந்தது, நான் பொத்தானைத் தேடி அமத்தியபோது அம்மா கண்ணைத் துடைத்து முடித்திருந்தா. படியில் ஏறப் போனவ திரும்பினா. "ஒரு காலுக்குச் சாயம் பூசாதை." ஏன்? "முடியாத சாமானிலை ஒருதரும் கண் வைக்க மாட்டினம்." ஒருதரும் எண்டால் ஆர் அம்மா? "தேத்தண்ணி ஆறப்போகுது, குடி." போய்விட்டா. அப்புக்காத்து வேலை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று கால்களுக்குத் துணியால் சாயம் பூசிவிட்டேன், தேக்கு நிறம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது, பழைய இரத்தத்தின் நிறமாக இருக்கிறது. நாலாவது கால் வெறுங்கால். அதைத்தான் தேய்க்கிறேன், தேய்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை, வழுவழுப்பாகி, மற்ற மூன்றையும் விட மெலிந்துகூட விட்டது, இப்படியே போனால் தொட்டில் ஒரு பக்கம் சாயும், தெரியும், நிறுத்த வேண்டும், நிறுத்தினால் மேலே போக வேண்டும். என் டெலிபோன் ஒரு பெட்டிமேல் கிடக்கிறது, அதில் கோடு ஒன்றும் இல்லை, இங்கே சிக்னல் வராது, ஒரு செய்தியும் வராது... வராது என்பது முதல்நாளே தெரியும். தெரிந்துதான்... ஓ. தொட்டிலுக்காகத்தான் கீழே வருகிறேன் என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லைட் அணைந்தது. பொத்தான் மினுங்குகிறது, கைக்கு எட்டுகிற தூரம்தான். மேலே கதவு திறக்கிறது, மறுபடியும் செருப்பு, முதலில் வந்ததை விட வேகமா, இல்லை மெதுவா, நல்ல செய்தி என்றால் ஓடி வருவாவா, கெட்ட செய்தி என்றாலும் ஓடித்தானே வருவா, இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும் அம்மாவின் செருப்பை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. தனோஜன் என்கிறா, இருட்டுக்குள்ளை என்னடா செய்யிறாய், லைட்டைப் போடு. ஓம் அம்மா என்கிறேன். என் பெருவிரல் மேல்கம்பியில், அந்தப் பிள்ளையின் பல் தடத்தில் இருக்கிறது, அதை எடுத்தால்தான் பொத்தானை அமத்தலாம்.