லங்சீர் இல்லாத பெருநாள்

நோன்புப் பெருநாளுக்குப் புது லங்சீர் தொங்காத வீடு வீடே இல்லை என்பது காமாரியாவின் கட்சி. ஜன்னல் திரையை அவள் ஒருநாளும் திரை என்று சொன்னதில்லை, லங்சீர்தான். அதைத் தைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பும். பினாங்குத் தீவில், சுங்கை பினாங் ஃபிளாட்டில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, பாலத்துக்கு அப்பால் பத்து காவானில், பன்னிரண்டு வீடு ஒட்டி நிற்கும் வரிசையில் ஒரு டெரஸ் வீட்டுச் சாவியைக் கையில் வாங்கிய அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்து, வீட்டை விற்றவனே பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தான்.

அந்த வீட்டில்தான் விரிசல் விழுந்தது. ஹால் ஜன்னலின் மூலையில் தலைமுடி கனத்தில் தொடங்கியது. கட்டிய நிறுவனத்திடம் சொன்னாள். ஒருவன் வந்தான், பூசினான், வெள்ளை அடித்தான், போய்விட்டான். அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி வாயைத் திறந்தது. காமாரியா என்ன செய்தாள்? பெருநாளுக்கு லங்சீரை ஓரடி அகலமாகத் தைத்தாள். மறுவருடம் இன்னும் ஓரடி. சொந்த வீடு வாங்கிவிட்டோம் என்று உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டு, அது உடைகிறது என்று எந்த வாயால் சொல்வது?

இந்த வருடம் நோன்பு தொடங்கும்போது விரிசல் துணியைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டது. படுக்கையறைக் கதவும் சாத்த வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. அவள் பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குப் போய், தன் வாடிக்கைக்காரியும் வக்கீலுமான சுபாஷினியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சாவி எப்ப எடுத்தீங்க அக்கா?"

"ஜூன் வந்தா ஆறு வருஷம் ஆகுது."

சுபாஷினி பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப நமக்கு ஜூன் வரைக்கும்தான் டைம். வீட்ட ஒழுங்கா கட்டித் தரலன்னு ஒப்பந்தத்த வெச்சுக் கேஸ் போட ஆறு வருஷம்தான். தாண்டிட்டா, அவங்க லாயர் எழுந்து டைம் முடிஞ்சு போச்சும்பான். சுவர் உடைஞ்சிருக்கா இல்லையான்னுகூட யாரும் பார்க்க மாட்டாங்க லா."

"எனக்கு இத்தனை நாளா தெரியாதுன்னு சொன்னா?"

"பிறகு தெரிய வந்த குறைக்கு வேற கணக்கு இருக்கு. தெரிஞ்ச நாள்ல இருந்து மூணு வருஷம். ஆனா நீங்கதான் வருஷா வருஷம் லங்சீர் போட்டு மூடியிருக்கீங்களே. எந்த முகத்த வெச்சுக்கிட்டுத் தெரியாதுன்னு சொல்லுவீங்க?"

காமாரியாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அடுத்துச் சுபாஷினி சொன்னது இன்னும் கஷ்டம். ஒரே ஒரு வீடு போய் நின்றால், நீங்கள் ஆணி அடித்ததால்தான் உடைந்தது என்று சொல்லிக் கழன்றுகொள்வார்கள். வரிசையே சேர்ந்து வந்தால்தான் பொறியாளரை அமர்த்தி அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்க முடியும்.

திரும்பி வந்தவள் வீடு வீடாகப் போனாள். பக்கத்து வீட்டு லெட்சுமி கேட்டுக்கு வெளியே நிறுத்தியே, "எங்க வீட்டுல ஒன்னும் இல்லையேக்கா" என்றாள். கோடி வீட்டு பஷீர், "எங்க வீடு இரும்பும்மா" என்று தூணைத் தட்டிக் காட்டினார். மற்றவர்களும் அதே பாட்டுத்தான். ஒருவர்கூட உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

அத்தனையும் பொய். காமாரியாவுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. வரிசைக்கே லங்சீர் தைப்பவள் அவள்தானே? போன தீபாவளிக்கு லெட்சுமி அளவெடுக்க அவளை உள்ளே விடாமல் அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஐந்தடி ஜன்னலுக்குப் பத்தடித் துணி. பஷீர் வீட்டில் சமையலறைப் பக்கச் சுவருக்கு லங்சீர் கேட்டார்கள். எல்லா வீடும் ஒரே பிளான், அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது. இந்தக் காலத்து ஃபேஷன் போலிருக்கிறது என்று அவளும் தைத்துக் கொடுத்திருந்தாள்.

"அப்புறம் என்ன? பட்டுன்னு கேட்டுட வேண்டியதுதானே?" என்றான் கணவன் ஹைதர்.

"வாடிக்கைக்காரங்க வீட்டு விஷயத்த நான் வெளிய சொன்னா நாளைக்கு யாரு என்கிட்ட துணி கொடுப்பாங்க? அவங்க வாயாலதான் வரணும்."

பெருநாளுக்கு முதல் நாள் பழைய லங்சீரைக் கழற்றினாள். புதிதை மாட்டவில்லை. ஹைதர் பதறிப்போனான். "ஓப்பன் ஹவுஸுன்னு விருந்து சாப்பிட வர்றவங்க என்ன நினைப்பாங்க? மானம் போயிரும்!"

"துணியில தொங்குற மானம் எனக்கு வேணாங்க. ஜூன் தாண்டிட்டா மூடி வெக்க வீடே மிஞ்சாது."

பெருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் ஹவுஸுக்கு வரிசையே வந்தது. சாப்பாட்டு மேசையை விரிசலுக்கு நேர் கீழே போட்டிருந்தாள். அதைப் பார்க்காமல் ஒருவரும் பிரியாணி எடுக்க முடியாது. கண்கள் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை இறங்கின, சட்டென்று மேசையிலிருந்த ரெண்டாங் கறிக்குத் தாவின. எல்லாரும் வெயிலைப் பற்றியே பேசினார்கள். காமாரியா அகப்பையை விடவில்லை.

பஷீர்தான் வாயைத் திறந்தார். "அடடா, இத இப்படியே விடலாமா காமாரியா? நல்ல வேளை, எங்க வீட்டுல இந்த மாதிரி எதுவும் இல்ல."

ஜன்னலில்லாத சுவருக்குத் தைத்த பூப்போட்ட துணி அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் ரெண்டாங் போட்டுக்குங்கண்ணே" என்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த லெட்சுமி தட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். போச்சு, கோபித்துக்கொண்டாள் என்று காமாரியா நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் லெட்சுமி திரும்பி வந்தாள். கை நிறைய லங்சீர், கொக்கியோடு. பின்னாலேயே அவள் கணவர் ராமதாஸ், கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல.

துணியை நாற்காலியில் போட்டாள். "அக்கா தச்ச பத்தடி லங்சீர். ஜன்னல் அஞ்சடிதான்னு அக்காவுக்குத் தெரியும். தெரிஞ்சும் யார்கிட்டயும் மூச்சு விடல. வாங்க, எங்க வீட்டையும் வந்து பாருங்க."

தட்டும் கையுமாகக் கூட்டம் பக்கத்து வீட்டுக்குப் போனது. ராமதாஸ் விரிசலில் ஐம்பது காசை நுழைத்துக் காட்டினார். "எங்க வீட்டுல சாவியே போவும், வாங்க" என்றார் அடுத்த வீட்டுக்காரர். அங்கிருந்து அதற்கடுத்த வீடு. மத்தியானத்துக்குள் வெட்கப்பட்டவர்கள் எல்லாம் பெருமையடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் பஷீருக்குப் பொறுக்கவில்லை. "என்ன பெருசா பேசுறீங்க? வாங்கய்யா எங்க வீட்டுக்கு!" என்று கூட்டிப் போய்ப் பூப்போட்ட துணியை இரண்டு கையாலும் இழுத்துப் போட்டார். விரிசலுக்குள் அவர் விரல்கள் முழுசாகப் போயின. "இந்த வரிசையிலேயே பெருசு எங்க வீட்டுதான்!" கூட்டம் கைதட்டியது. காமாரியா சிரித்துச் சிரித்து, சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியாமல் நின்றாள்.

காசு சேர்த்தார்கள். பொறியாளர் வந்து தோண்டினார். நிரப்பிய மண்ணைச் சரியாக இறுக்காமலே அடித்தளம் போட்டிருந்தார்கள். மே மாதக் கடைசியில் வரிசை முழுவதும் பாலம் தாண்டிச் சுபாஷினியின் ஆபீசுக்குப் போனது. முதல் பெயர் யாருடையது என்று சுபாஷினி கேட்டபோது எல்லா விரலும் காமாரியாவைக் காட்டின.

அவள் பேனாவை எடுத்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. கட்டிய நிறுவனத்து ஆள். மரியாதைக்குப் புவான் போட்டு மலாயில் தேன் ஒழுகப் பேசினான். "புவான் காமாரியா, கேஸெல்லாம் எதற்கு? உங்கள் வீட்டை மட்டும் நாங்களே புதிதாக்கித் தருகிறோம். ஜூலையில் ஆள் அனுப்புகிறோம்."

உங்கள் வீட்டை மட்டும். ஒரு கணம் அவள் மனம் அங்கே போய் நின்றது உண்மைதான். விரிசலில்லாத சுவர், சாத்துகிற கதவு. பிறகுதான் ஜூலை என்ற சொல் காதில் உறைத்தது. அவள் எல்லாருக்கும் கேட்கும்படி கைப்பேசியை மேசைமேல் வைத்தாள்.

"ஜூலையில் வாருங்கள்" என்று மலாயிலேயே சொன்னாள். "பன்னிரண்டு வீட்டுக்கும் வாருங்கள். கேஸ் இன்றைக்கே உள்ளே போகிறது."

கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை லெட்சுமியிடம் நீட்டினாள்.