உதிராத வரிசை

கமேலியாப் பூவுக்கு ஒரு கெட்ட பழக்கம். இதழ் இதழாக உதிர்ந்து நம்மைத் தயார்ப்படுத்தாது. முழுப் பூவாகத் தொப்பென்று விழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி முகம் நிமிர்த்திக் கிடக்கும்.

அதை விழாமல் நிறுத்த ஓர் உரம் கண்டுபிடிப்பதாகச் சொல்லித்தான் ஓர் ஆராய்ச்சி மாணவன் ஆறு வருடமாகப் பல்கலைக்கழகத்துக் கண்ணாடிக் குடிலில் காலம் தள்ளினான். வீட்டில் அவனுக்குப் பெயரே டாக்டர். பட்டம் மட்டும்தான் பாக்கி.

ஏழாவது வருடம் அதிசயம் நடந்தது. உரம் போடாத வரிசையில் பூத்ததெல்லாம் தினம் தினம் விழுந்துகொண்டிருந்தது. போட்ட வரிசையிலோ நாற்பது நாளாகியும் ஒரு பூ குறையவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் நின்றபடியே எண்ணி எழுதிக்கொண்டான். வரைபடத்தைப் பார்த்த பேராசிரியர் மூக்கின் மேல் விரலை வைத்தார். தேர்வாளர் அம்மாள் நேரில் பார்க்கவே புறப்பட்டு வந்தார்.

அவர் வரக் கால் மணி நேரம் இருக்கும்போது டாக்டர், பூ எண்ணத் தொடங்கிய பிறகு முதல்முறையாக, குடிலின் உள்கோடி வரை போனான். அங்கே தோட்ட வேலை பார்த்த அவனுடைய சித்தி, உரம் போடாத வரிசையின் கீழே விழுந்த பூக்களைப் பொறுக்கி, போட்ட வரிசையில் பல்குத்தும் குச்சியால் செருகிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

"என்ன சித்தி பண்றீங்க?"

"தினம் பண்றதுதான். இந்த வரிசையில பூ விழுந்தா பட்டமும் போயிடும்னு அக்காகிட்ட நீதானே புலம்பினே? வாடினதை எடுத்துட்டுப் புதுசு வைக்கிறேன். குச்சியைச் சர்க்கரைத் தண்ணியில ஊறப்போட்டா ஒம்பது நாள் தாங்குது."

டாக்டர் செடிகளிடம் ஓடினான். எது செடியின் பூ, எது சித்தியின் பூ என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். பதினெட்டும் சித்தியுடையவை. பதினெட்டாவது பூ கையில் இருக்கும்போது தேர்வாளர் உள்ளே வந்தார்.

மூன்று பொய்களை யோசித்து, மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பதற்குள் சித்தி பெருமையாக எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். தேர்வாளர் குச்சியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஒம்பது நாள்னு எப்படித் தெரியும்?"

சித்தி நாட்காட்டித் தாள்களை நீட்டினாள். எந்தப் பூ எந்த நாளில் விழுந்தது, எப்போது செருகினாள், எப்போது வாடியது, எல்லாம் இருந்தது. தேர்வாளர் டாக்டரின் குறிப்பேட்டையும் புரட்டிவிட்டு மூடினார்.

"தம்பி, உங்க உரம் வேலை செய்யலை. உங்க சித்திதான் செஞ்சிருக்காங்க."

ஆய்வேட்டின் தலைப்பு மாறியது: கிளையை விட்ட கமேலியாவின் ஆயுள். பட்டத்துக்கு இன்னும் இரண்டு வருடம். இப்போது டாக்டர் தினமும் குனிந்து குச்சி செருகுகிறான். சித்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொள்கிறாள்.