சாவியை மட்டும்

அவளை வேலைக்கு வந்து சேரச் சொன்ன மருத்துவமனையே, இரண்டு நாள் கழித்து இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அங்கே மருந்தகப் பொறுப்பாளராக இருந்த அம்மாள், அவள் முன்பு வேலை பார்த்த மருந்துக்கடை முதலாளியிடம் போனில் விசாரித்திருக்கிறார். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அப்படி என்னதான் சொல்லியிருப்பார் என்ற கேள்விதான் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

அண்ணி வக்கீல். கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டபடியே கேட்டுக்கொண்டாள்.

"நோட்டீஸ் அனுப்பலாம், சொன்னத வாபஸ் வாங்கச் சொல்லி. மானநஷ்ட வழக்கும் போடலாம். ஆனா என்ன சொன்னாருனு தெரியணுமே. சோம்பேறினு சொல்லியிருந்தா, அது என் அபிப்பிராயம்னு நழுவிடுவாரு. திருடினானு சொல்லியிருந்தா வேற கதை. அது பொய்யா இருக்கணும், கேட்டவங்க வந்து சாட்சி சொல்லணும்."

"அவங்க எதுக்கு அண்ணி எனக்காக வரப்போறாங்க?"

"போய்க் கேளு. சண்டைக்குப் போகாத, கேக்க மட்டும் போ."

போனாள். பொறுப்பாளர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, நாற்காலியைக் காட்டினார். அவள் கத்தப்போகிறாள் என்று எதிர்பார்த்தவர் போலச் சற்று விறைப்பாக இருந்தார். கேட்டதும் தயங்கினார்.

"நல்லா வேலை செய்வீங்கனுதான் சொன்னாரு. தூக்க மாத்திரை அலமாரிச் சாவிய மட்டும் என் கையிலயே வெச்சுக்கச் சொன்னாரு."

அவ்வளவுதான். திருட்டு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. காதும் காதும் வைத்த மாதிரி ஒரு வரியில் முதலாளி காரியத்தை முடித்திருந்தார். கோபத்துக்கு நடுவிலும் அவளுக்கு அது வியப்பாக இருந்தது.

"இத நீங்க கோர்ட்ல சொல்லுவீங்களா மேடம்?"

"சொன்னா அப்புறம் யாரு என்கிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க?" பொறுப்பாளர் பேனா மூடியைத் திருகினார். "ஆனா ஒண்ணு புரியல. ஏன் அப்படிச் சொன்னாரு?"

அவள் சொன்னாள். போன வருஷம் ஒரு பெட்டி தூக்க மாத்திரை காணாமல் போனது. எல்லாருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். அவளுடையதைக் கவுண்டர்மேல் கவிழ்த்தே கொட்டினார்கள். பிறகு சுவருக்கு வெள்ளையடிக்க ஃப்ரிட்ஜை நகர்த்தியபோது, பின்னால் கிடந்தது. அவள்தான் குனிந்து எடுத்து முதலாளியிடம் கொடுத்தாள். அவர் தூசியை ஊதிவிட்டு, "சரி, வேலையப் பாரு" என்றார்.

"அது அங்க கெடந்தத வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல. நான்தானே எடுத்துக் குடுத்தேன்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. பெட்டி கிடைத்தது என்று முதலாளி நினைத்தாரா, இல்லை, எடுத்தவளே பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்தாள் என்று நினைத்தாரா? இத்தனை நாளில் ஒருமுறைகூட இது அவளுக்குத் தோன்றியதில்லை. அவர் பொய் சொல்லவில்லை, நம்பியே சொல்லியிருக்கிறார் என்றால், அண்ணியின் சட்டம் அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்?

பொறுப்பாளர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, முதலாளியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தார்.

"சொல்லுங்க மேடம்" என்றது பழகிய குரல். பின்னணியில், மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டும் சத்தம்.

"அந்தச் சாவி விஷயம் ஏன் சொன்னீங்கனு கேக்கத்தான். அவங்க என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க. நீங்க பேசுறது அவங்களுக்கும் கேக்குது."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.