ஆணி அடிக்காத சுவர்

"அப்ப இந்த லேப்டாப்பும் நம்ம வூட்டு ஓனர் மாதிரிதானா? செவுத்துல ஆணியே அடிக்கக் கூடாதா?"

"அதேதாண்ணே. சிஸ்டத்துல எதையும் மாத்த வுடாது."

"பின்ன இன்னாத்துக்கு அத்த வச்சினுகீற?"

"யாராலயும் கெடுக்க முடியாதுல்ல? உன்னாலகூட."

அம்புரோஸ் சிரித்தான். ராயபுரத்து மாடி அறையில், தங்கை மெர்லினின் லினக்ஸ் மடிக்கணினியில் அவனுடைய படகின் பழைய ஜி.பி.எஸ் மெமரி கார்டு செருகியிருந்தது. கருவி உப்புக்காற்றில் செத்துவிட்டது. கடலடியில் வலையைக் கிழிக்கும் பாறைகளும் மூழ்கிய கப்பல்களும் அந்தக் கார்டில் புள்ளிகளாக இருந்தன. புதுக் கருவிக்கு அந்தக் கோப்பு புரியவில்லை. மாலையில் படகு கிளம்புகிறது. புள்ளிகள் இல்லாமல் போனால் புது வலை மிஞ்சாது.

கோப்பை மாற்றித்தர ஒரு சின்ன நிரல் உண்டு. கறுப்புத் திரையில் கட்டளை எழுதித்தான் அதை ஓட்ட வேண்டும். அவசரத்தில் மெர்லின் சிஸ்டத்தின் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்து அதை நிறுவினாள். உடனே கரண்ட் போனது. பேட்டரி செத்த மடிக்கணினியும் அணைந்தது. கரண்ட் வந்து மறுபடி எழுந்தபோது சிஸ்டத்தின் சுவர் பழையபடி வழவழவென்றிருந்தது. நிரல் இருந்த தடமே இல்லை.

"எங்க போச்சு?"

"ரீபூட் ஆனா பூட்டு தானா மூடிக்கும்ணே, உள்ள போட்டதும் அழிஞ்சிரும். மறந்துட்டேன்."

"பேஜாரு பண்ணாத. அங்க படகுல ஜார்ஜ் மாமா ஐஸ் ஏத்திகினு கீறாரு."

மறுபடி பூட்டைத் திறந்து நிறுவினாலும், கரண்ட் போனால் மறுபடி அழியும். மெர்லின் கட்டிலைப் பார்த்தாள். ஆணி அடிக்க முடியாத வீட்டில், கட்டில் கால்களில் மூங்கில் கட்டிக் கொசுவலை மாட்டியிருந்தார்கள். அறைக்குள் இன்னோர் அறை, காற்றில் மெல்ல மூச்சுவிட்டபடி. சுவருக்கு அது தெரியவே தெரியாது.

சிஸ்டத்தைத் தொடாமல், தன் சொந்தக் கோப்புறைக்குள் அந்தக் கொசுவலை போல ஒரு பெட்டியைக் கட்டினாள். அதற்குள் ஒரு குட்டி லினக்ஸ். அங்கே எவ்வளவு ஆணி வேண்டுமானாலும் அடிக்கலாம். நிரலை அதில் நிறுவி ஓட்டினாள்.

திரையில் புள்ளிகள் பெயர்களோடு தோன்றின, அந்தியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் போல. கோயில் பார் என்ற கடலடிப் பாறை. ஒடஞ்ச கப்பல். காட்டுப்பள்ளிக்கு வெளியே கடலில், தனியாக, வெள்ள மண்ணு.

"அது இன்னாண்ணே?"

"அங்க தண்ணி தெளிஞ்சா அடி தெரியும். நெலா வெளிச்சம் கொட்டி வச்சாப்ல கீது."

புதுக் கருவியில் எல்லாப் புள்ளிகளும் மின்னின. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அம்புரோஸ் படியிறங்கினான். மெர்லின் கண்ணை மூடினாள். கட்டிலுக்கடியில் வெள்ளை மணல் விரிந்தது. அவர்கள் தெருவில் எந்தப் பெண்ணும் படகேறியதில்லை.

ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் குனிந்தாள்.

"அண்ணே, ஒரு தபா என்னயும் அங்க இட்டுகினு போறியா?"