தூங்கிக் கடந்த நாலு மைல்

வேண்டுதல் என்று சொன்னால்தான் எங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளையை ரோட்டில் நடக்க விடுவார்கள். அதனால் நானும் வேண்டுதல் என்றே சொன்னேன். தி. நகரிலிருந்து திருச்செந்தூர் வரை கால்நடையாக வருவதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டேனாம். உண்மையில் முருகனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மேல் எனக்குப் புகாரும் இல்லை.

எனக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான். பதினேழு வயதில் தாலி கட்டி, ரயிலில் ஏற்றி, மதராஸில் இறக்கினார்கள். பிரசவத்துக்கு ஏற்றினார்கள், இறக்கினார்கள். கல்யாணமோ சாவோ, வாசலில் கார் வந்து நிற்கும். கொண்டுபோய் விடும், திரும்பக் கொண்டுவரும். நாற்பத்தாறு வயதில் யோசித்துப் பார்த்தால், சுந்தரவல்லி என்கிற நான் ஓர் இடத்துக்கும் போனதே இல்லை. எங்கள் ஜவுளிக்கடைப் பொட்டலம் மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறேன். நினைக்க நினைக்க எரிந்தது.

என் வீட்டுக்காரர் சண்முகவேல் மறுக்கவில்லை. சாமி காரியத்தைத் தடுத்தால் கடைக்கு ஆகாது என்ற பயம். ஆனால் கண்ட சத்திரத்தில் படுக்க விட மாட்டேன் என்றார். கடைக்குத் துணி ஏற்றும் பழைய வேனுக்குள் பலகைக் கட்டில், பம்ப் ஸ்டவ், அரிசி டின், தண்ணீர்க் குடம், ஜன்னலுக்குச் சீட்டித் துணியில் திரை என்று ஒரு வீட்டையே வைத்துக் கொடுத்தார். வேன் முன்னால் போய் நிற்கும். நான் நடந்து போய்ச் சேர்ந்து, சமைத்துச் சாப்பிட்டு, அதிலேயே படுப்பேன். எழுந்ததும் நின்ற இடத்திலிருந்தே நடப்பேன். ஒரே ஒரு சட்டம்தான் போட்டேன்: நான் உள்ளே இருக்கும்போது சக்கரம் உருளக் கூடாது. டிரைவர் நூர் முஹம்மது பெரிதாகத் தலையாட்டினார்.

எழுபத்து நாலு, தை மாதம். புறப்படும்போது எல்லோரும் என் காலைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். சேலைக்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ.

"சாமிக்கு நடக்கதுக்கு பூட்ஸா?" என்றாள் நாத்தனார் சரோஜாதேவி.

"நடக்கது சாமி இல்ல மைனி, நான். கால் பொத்துப்போனா எனக்குத்தான் வலிக்கும்."

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதி முனையில் வேன் நின்றது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினேன். திறந்த கதவு வழியாகக் கட்டிலையும் ஸ்டவ்வையும் பார்த்த ஒரு மாமா பேப்பரை மடித்துக்கொண்டு கேட்டார்: "இவ்வளவு பெரிய வண்டியை வெச்சுண்டு யாராவது நடப்பாளோ?"

"வண்டி இருக்கதாலதான் நடக்கவே விட்டாங்க" என்றேன். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

பாலம் தாண்டி அடையாற்றுக்கு வரும்போது உச்சி வெயில். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. தூங்குமூஞ்சி மரத்தடியில் வேன் நின்றது. ரோட்டோரத்தில் கல்லால் ஒரு கோடு கிழித்துவிட்டு ஏறினேன். தயிர் சோறு சாப்பிட்டுப் படுத்ததுதான் தெரியும்.

காலில் சில்லென்று தண்ணீர் கொட்டி விழித்தேன். குடம் கவிழ்ந்து உருண்டது. வேன் ஓடிக்கொண்டிருந்தது. தகரத்தை ஓங்கித் தட்டினேன். வண்டி நின்றது. திரையை விலக்கினால் வயலும் பனைமரங்களும்.

நூர் முஹம்மது வந்து கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன பாய் இது?"

"முதலாளிதாம்மா சொன்னாரு. அம்மா கண்ணசந்ததும் மெதுவா வண்டிய எட்த்துக்கினு போய்டு, மகாபலிபுரம் தாண்டிட்டா அப்பால ஒண்ணியும் சொல்ல மாட்டாங்கன்னாரு. நா இன்னாமா செய்றது?"

"இது எந்த ஊரு?"

"பெருங்குடி. நாலு மைலுதாம்மா வந்துகீறோம். குந்துங்க, அங்கியே திருப்பி வுட்டுர்றேன்."

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வருகிற அழுகை இல்லை, ஆத்திரத்தில் வருவது. விழித்திருக்கும்போது ஏற்றி இறக்கியது போதாதென்று, தூங்குகிறவளையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஷூவை மாட்டிக்கொண்டேன்.

"யாரும் என்னைக் கொண்டுபோய் விட வேண்டாம். வேன் இங்கேயே நிக்கட்டும். நான் அடையாறு போய், அந்தக் கோட்டுலேருந்து இங்க நடந்து வாரேன்."

"அய்யோ, போக நாலு, வர நாலு! எட்டு மைலும்மா!"

"கணக்கு எனக்கும் தெரியும்."

பட்டணத்தைப் பார்த்து நடந்தேன். நூர் முஹம்மது வேனைப் பூட்டி, டீக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளி என் பின்னாலேயே வந்தார். கொஞ்ச தூரம் போனதும், "முதலாளி கேட்டா நா போவ சொல்லலன்னு சொல்லிடுங்கம்மா" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "எய்ப்பி கேட்டிருக்கணும். தப்புதாம்மா" என்றார். அதன் பிறகுதான் எனக்கு அவரோடு பேச மனம் வந்தது.

இரண்டு மைல் போயிருப்போம். எதிரே எங்கள் கார் வந்தது. மகாபலிபுரத்தில் என்னைப் பிடிப்பதாக எண்ணி ராத்திரிச் சாப்பாட்டோடு கிளம்பியிருந்தார் வீட்டுக்காரர். பட்டணத்துப் பக்கம் நடந்துவரும் என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

"திரும்பிட்டியா! எனக்குத் தெரியும் வல்லி. ஒரு நாள் நடந்ததே பெருசு. ஏறு, வீட்டுக்குப் போவோம்."

"வீட்டுக்கு வரல. விட்ட நாலு மைலை நடக்கப் போறேன்."

அவருக்கு விஷயம் விளங்கியது. நூர் முஹம்மதை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்குக் கால் நோகுமேன்னுதான் சொன்னேன். தூங்கையில போன தூரத்த யாரு பாக்கப் போறா? நீதான் பெருங்குடிக்கு வந்தாச்சே!"

"என்னைக் கொண்டுவந்து போட்டீங்க. நான் இன்னும் வரல."

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் திறந்த கதவில் நான் ஏறாதது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இல்லை. கால்தான் விண்விண் என்று தெறித்தது.

"வழியை விடுங்க" என்றேன். "இருட்டும் முன்ன நான் அங்க போய்த் திரும்பணும்."