ஜக்கெற்றின் உள்பை

சனிக்கிழமைகளில் அம்மா எல்லோருடைய பைகளையும் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் உடுப்புகளைத் தோய்க்க நிலவறைக்குக் கொண்டுபோவார். ஜேர்மனிக்கு, கெல்சென்கிர்ச்சனுக்கு வந்த முதல் வருடம் அப்பாவின் அகதி அட்டை இயந்திரத்துக்குள் கூழாகிப் போனது. அதிலிருந்து இந்தப் பழக்கம்.

தொண்ணூற்று நாலு ஆனியில் தம்பி ஜூலியனின் ஜக்கெற்றில் மூன்று ஆணுறைகள் இருந்தன. அம்மா அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டார்.

“ஆர் அந்த வெள்ளைக்காரப் பெட்டை? கலியாணம் கட்டுமட்டும் பொறுக்க ஏலாதோ?”

ஜூலியன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான். அவன் காதலிப்பது ஆண்களை. அவர்களைச் சந்திக்கச் சனிக்கிழமைகளில் கொலோன் நகரத்துக்குப் போவான். வீட்டில் அது எனக்கு மட்டும் தெரியும்.

மூன்று கிழமை கழித்து மாடிப்படியில் அவனிடம் கேட்டேன்.

“இப்ப என்ன செய்யிறாய்?”

“ஒண்டும் கொண்டுபோறேல்லை.”

“கொலோனிலை வாங்கலாம்தானே?”

“வாங்கினனான். கையிலை எடுத்தா அம்மாவின்ரை முகம்தான் வருது. கத்தரிக்கோலோடை.” சிரிக்கப் பார்த்தான். “கோஃபிக்கு அவன்ரை அக்காவே வாங்கிப் பைக்குள்ளை வைச்சுவிடுறா. குடுத்துவைச்சவன்.”

கோஃபி அவனுடைய நண்பன். கானா நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. அவனும் ஜூலியனைப் போலத்தான்.

நான் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்த மாதிரிக் குழாய்களில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். அந்தக் கிழமை, எது அவனுடையதாய் இருக்குமோ என்று ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு தரம் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்குப் போனேன். வாங்கியதை ஜக்கெற்றின் உள்பையில் வைத்து, அம்மா பார்க்க முதல் எடுத்துவிடும்படி அவனிடம் சொன்னேன். ஆனால் மறுநாள் அவன் எழும்ப முதலே அம்மா ஜக்கெற்றை எடுத்துவிட்டார். கத்தரிக்கோலைத் தேடி மேசை லாச்சியைத் திறந்தார்.

“அது நான் வைச்சது, அம்மா.”

அம்மா திரும்பினார். “கலியாணம் கட்டாத குமர்ப்பிள்ளை நீ. கடையிலை போய்க் கேட்டனியோ?”

“கேக்கேல்லை. விரலாலை காட்டினனான்.”

“எங்கடை சனம், சில்வெஸ்டர் மாமா ஆக்கள் கண்டிருந்தா?”

“வெட்டினீங்கள் எண்டா திரும்பவும் வாங்குவன். இந்த வீட்டுக்கு வாற டொக்டர்மாரின்ரை கடிதமெல்லாம் நான்தானே உங்களுக்கு வாசிச்சுச் சொல்லுறனான். இவனுக்கு எயிட்ஸ் எண்டு ஒரு கடிதம் வந்தா அதையும் நான்தான் வாசிக்கவேணும்.”

அம்மா போய்க் கதிரையில் இருந்தார். “பெட்டை ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?”

“அதை அவன்தான் சொல்லவேணும்.”

அம்மா லாச்சியை மூடினார். கூடையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். ஜக்கெற் கதிரையில் கிடந்தது. பின்னேரம் ஜூலியன் அதைப் போட்டுக்கொண்டு போனான். வாசலில் நின்று உள்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

இப்போது அம்மா அவனுடைய ஜக்கெற்றைத் தொடுவதில்லை. என்னோடு கதைப்பதுமில்லை. கடிதங்களை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்.

தொற்று இருந்தால் அது இரத்தத்தில் தெரிய மூன்று மாதமாகும். அவன் வெறும் பையோடு போன அந்த மூன்று கிழமைகளுக்கான இரத்தப் பரிசோதனை ரெர்மின் ஐப்பசியில். நானும் கூடப் போகிறேன்.